சிங்கப்பூர்ச் சம்பளமா, ஜோகூர்ச் சம்பளமா: கணக்குப் போடும் முறை

சிங்கப்பூர்ச் சம்பளம் 2,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) 3.2 ஆல் பெருக்கி “6,400 மலேசிய ரிங்கிட்” என்று சொல்லும் இடத்தில்தான் கணக்கு கோணலாகிறது. சிங்கப்பூரிலேயே செலவாகும் வெள்ளியை ரிங்கிட்டாக மாற்றவே கூடாது. சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலம் தாண்டி வீடு வரும் வெள்ளியை மட்டும் மாற்றுங்கள். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸில் ஒரு புரோட்டாவுக்கும், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் அதே போன்ற ஒரு ரொட்டி சானாய்க்கும் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், நாணயம்தான் வேறு. சிங்கப்பூரில் சாப்பாட்டுக்குச் செலவாகும் வெள்ளிக்கு மூன்று மடங்கு பலமில்லை.

ஜோகூர் பாருவில் குடியிருந்து, வேலை அனுமதிச் சீட்டில் தினமும் சிங்கப்பூர் போய்வரும் மலேசியரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 2,000 வெள்ளி, மாதம் 26 நாள் வேலை. பகல் சாப்பாட்டுக்கு நாளுக்கு 8 வெள்ளி, பஸ்ஸுக்கு 6 வெள்ளி என்றால் 364 போய்விடும். மிச்சம் 1,636 வெள்ளி, 3.2 வீதத்தில் 5,235 ரிங்கிட்.

அதே ஆளுக்கு ஜோகூரில் 3,200 ரிங்கிட் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதி 11% (352), சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா போன்ற சில்லறைப் பிடித்தம் 22, சாப்பாடும் பெட்ரோலும் 364 போகக் கையில் 2,462. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பிடித்த 352 உங்கள் பணம்தான். முதலாளி போடும் 13% (416) அதற்கு மேல். 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு இந்த வீதம், அதைத் தாண்டினால் 12%. 352, 416 இரண்டையும் கையில் உள்ள 2,462உடன் கூட்டினால் 3,230. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு சிங்கப்பூரில் மத்திய சேமநிதி கிடையாது, அதனால் அந்தப் பக்கம் கூட்ட ஒன்றுமில்லை. சிங்கப்பூர் நிரந்தரவாசி என்றால் கதை வேறு: அந்தத் தகுதி கிடைத்த முதல் இரண்டு ஆண்டு குறைந்த வீதம், பிறகு 55 வயது வரை ஊழியர் 20%, முதலாளி 17%.

இப்போது சிங்கப்பூர் 62% அதிகம். ஆனால் நேரத்தால் வகுக்காத கணக்கு பாதிக் கணக்கு. வாரத்துக்கு சிங்கப்பூரில் 44 மணி நேர வேலை, போகவர நாளுக்கு 4 மணி வீதம் ஆறு நாளுக்கு 24, மொத்தம் 68. ஜோகூரில் 45 மணி வேலையும் 6 மணி பயணமும் சேர்ந்து 51. வாரத்தை மாதமாக்க 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுங்கள். சிங்கப்பூரில் மணிக்கு 17.80 ரிங்கிட், ஜோகூரில் 14.60. வித்தியாசம் 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. குடிநுழைவு வரிசையில் நிற்கும் நேரத்தைப் பயணத்தில் சேர்க்காவிட்டால் இந்த எண் பொய் சொல்லும்.

நாணய வீதத்தை ஒரு நாள் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளி 3.5 ரிங்கிட்டைத் தாண்டியது, அதே ஆண்டு செப்டம்பரில் 3.3க்குக் கீழே வந்தது. 3.5இலிருந்து 3.2க்கு இறங்கினாலே மேலே சொன்ன 1,636 வெள்ளியில் 490 ரிங்கிட் கரைந்துவிடும். குறைந்த வீதத்தில் ஒருமுறை, அதிக வீதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறைந்த வீதத்திலும் தாங்கினால்தான் சிங்கப்பூர் வேலைக்கு மாறலாம்.

சிங்கப்பூரிலேயே தங்குவதானால் அறை வாடகையை முதலில் கழியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. உணவகப் பட்டியலில் ‘++’ இருந்தால் 10% சேவைக் கட்டணமும் 9% பொருள் சேவை வரியும் மேலே ஏறும்.