தேக்கும் நெல்லியும் துணியில் பதிய: புதியவர்களுக்கான இலைப்பதிவுச் செய்முறை

இலையைத் துணியில் வைத்துச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, அதன் உருவமும் நரம்பும் துணியிலேயே தங்கும்படி செய்வதுதான் இலைப்பதிவு. அச்சுக்கட்டையோ தூரிகையோ கடைச் சாயமோ தேவையில்லை. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவும் ஆஸ்திரேலியக் கலைஞர் இந்தியா ஃபிளின்ட் பரப்பிய வழியில் வந்தவை. யூகலிப்டஸ் அந்த ஊர் மரம். அதன் இலை கம்பளியிலும் பட்டிலும் எளிதாக நிறம் விடும். அதே பாடத்தைப் பார்த்துப் பருத்தியில் வேப்பிலையை வைத்து அவித்தால் வெளிறிய பச்சைக் கறைதான் மிஞ்சும், அதுவும் முதல் சலவையில் போய்விடும். பருத்தியை முதலில் பதப்படுத்த வேண்டும். நம் பக்கத்து மரங்களில் எதற்குத் துவர்ப்பு அதிகம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை நடப்பது துவர்ப்பாலும் இரும்பாலும்தான். கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்கிறதே, அந்தத் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தோடு சேர்ந்தால் சாம்பல் முதல் கருப்பு வரை நிறம் பிறக்கும். எழுதுகோலால் துணியில் வரையும் ஓவியமான, 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர்க் கலம்காரியின் கருப்புக் கோடுகளுக்கும் அடிப்படை இதுதான்: கடுக்காய் ஏற்றிய துணி, அதன்மேல் இரும்பு கரைந்த நீர். இலைப்பதிவில் அந்த இரும்பை எழுதுகோலுக்குப் பதிலாக இலை சுமந்து வருகிறது.

எந்த இலை?

பட்டியலை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு (ஃபெரஸ் சல்பேட்) கிடைக்கும். ஒரு சிட்டிகையை அரை டம்ளர் நீரில் கரையுங்கள். இலையைக் கசக்கி வெள்ளைத் தாளில் தேய்த்து, அந்த ஈரத்தில் அன்னபேதி நீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கருத்தால் அந்த இலை நன்றாகப் பதியும். பச்சையாகவே நின்றால் வெறும் நிழலுருதான் வரும்.

நெல்லி, நாவல், நீர்மருது, கருவேலம் ஆகியவை இந்தச் சோதனையில் தேறும். நெல்லியின் சிறு இலை வரிசை துணியில் மிக அழகாக விழும், தொடக்கத்துக்கு அதுவே போதும். தேக்கு தனி வகை. அதன் துளிரை விரல்களுக்கு இடையில் கசக்கினாலே சிவப்புச் சாறு ஒட்டும். ஆவியில் அது செம்மையிலிருந்து ஊதா கலந்த பழுப்பு வரை நிறம் விடும். முற்றிய தேக்கிலையில் அந்தச் சிவப்பு மிகக் குறைவு. கோடையில் இலையுதிர்த்த தேக்கு மழை கண்டதும் துளிர்க்கும், பறிக்க அதுதான் பருவம். துளிரில் நுனியிலிருந்து முதல் மூன்று இலைகளை மட்டும் எடுங்கள்.

அரளி, எருக்கு, கள்ளி, செங்காந்தள் ஆகியவற்றை எடுக்கவே கூடாது. அவை நச்சுச் செடிகள். எந்த இலையானாலும் மூடிய அறையில் வேகவைப்பது ஆபத்து. காப்புக்காட்டில் இலை பறிப்பது சட்டப்படி குற்றம். வீட்டுத் தோட்டம், வயல் வரப்பு, உரியவர் அனுமதித்த மரம் ஆகியவை போதும். ஒரே கிளையை மொட்டையடிக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறியுங்கள்.

தேவையானவை (200 கிராம் உலர்ந்த துணிக்கு)

வெளுக்காத காடாத் துணி, சலவை சோடா 14 கிராம், கடுக்காய்ப் பொடி 20 கிராம், படிகாரம் 30 கிராம், அன்னபேதி 5 கிராம், மூன்று விரல் பருமனுள்ள மூங்கில் கழி, பருத்திக் கயிறு, பாலித்தீன் தாள், இட்லிப் பானை, கையுறை. இந்தப் பானையைப் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது, பழைய பானை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். மூங்கிலுக்குப் பதிலாகப் பிவிசி குழாயைப் பயன்படுத்த வேண்டாம், ஆவிச் சூட்டில் நெளிந்துவிடும். துணியின் எடை கூடினாலோ குறைந்தாலோ சோடா, கடுக்காய், படிகார அளவுகளையும் அதே விகிதத்தில் மாற்றுங்கள்.

படி 1: கஞ்சி நீக்குதல்

4 லிட்டர் நீரில் 10 கிராம் சலவை சோடாவைக் கரைத்து, துணியை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நீர் தேநீர் நிறத்துக்கு வரும். அலசிக் காயவைத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் கஞ்சியும் மெழுகும் இன்னும் இருக்கின்றன, மறுபடி கொதிக்கவிடுங்கள். திட்டுத்திட்டாகப் பதியும் துணிகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் கெட்டிருக்கும்.

படி 2: கடுக்காய்

கொட்டை நீக்கிய தோலின் பொடியாகக் கேட்டு வாங்குங்கள். 20 கிராம் பொடியை 3 லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊறவிடுங்கள். இரும்பு வாளி கூடாது, துணி முழுக்கச் சாம்பல் ஏறிவிடும். காலையில் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். துணி வெளிர் மஞ்சளாகும்.

படி 3: படிகாரம்

பருத்தியில் படிகாரம் நேராக ஒட்டாது, கடுக்காய்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். 30 கிராம் படிகாரத்தை 3 லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். 4 கிராம் சலவை சோடாவைத் தனியே கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நுரை பொங்கும் என்பதால் உயரமான பாத்திரம் நல்லது. துணியை ஒரு நாள் ஊறவைத்து, லேசாக ஒருமுறை அலசிப் பிழியுங்கள்.

படி 4: இலையும் இரும்பும்

கையுறை போட்டுக்கொண்டு, 5 கிராம் அன்னபேதியை 1 லிட்டர் நீரில் கரையுங்கள். இலைகளை அதில் 10 நிமிடம் ஊறவைத்து, பழைய துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் வைத்தால் இரும்பு நீர் வழிந்து, இலையைச் சுற்றிக் கரிய வளையம் படரும். துணியிலும் கடுக்காய் இருப்பதால் வழிந்த இடமெல்லாம் கருக்கும். தேக்கின் சிவப்பு வேண்டுமென்றால் சில தேக்கிலைகளை இரும்பில் நனைக்காமல் வெறும் நீரில் கழுவி வையுங்கள். கருநரம்பு வேண்டிய இலையை மட்டும் நனையுங்கள். அளவை மீறினால் இரும்பு பருத்தி நூலையே இற்றுப்போகச் செய்யும், கருப்பு கூடட்டும் என்று கைப்பிடியாக அள்ளிப் போடாதீர்கள்.

படி 5: சுருட்டுதல்

துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. மேசையில் சுருக்கமின்றி விரித்து, பாதிப் பரப்பில் இலைகளை அடிப்புறம் கீழாகப் பரப்புங்கள். நரம்பு புடைத்திருக்கும் பக்கம் அதுதான். தடித்த காம்பை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் துணி தூக்கிக்கொண்டு இலை ஒட்டாது. மறுபாதியை மடித்து மூடி, மேலே பாலித்தீன் தாளை விரித்து, மூங்கிலில் இறுகச் சுருட்டுங்கள். தாள் இல்லையென்றால் ஒரு சுற்றின் உருவம் அடுத்த சுற்றிலும் ஊறித் தெரியும். பிறகு கயிற்றால் இடைவெளி விடாமல் இழுத்துக் கட்டுங்கள். இலை துணியோடு அழுந்தியிருக்கும் இடத்தில்தான் நரம்பு வரும். கட்டைத் திருகிப் பார்க்கும்போது துணி அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

படி 6: ஆவி

கட்டு நீரில் படாமல் இட்லித் தட்டின் மேல் இருக்க வேண்டும். மூடி போட்டு, மிதமான தீயில் இரண்டு மணி நேரம். அரை மணிக்கொருமுறை நீர் இருக்கிறதா என்று பார்த்து வெந்நீரே ஊற்றுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பை அணைத்ததும் அவிழ்க்கத் தோன்றும். கட்டு முழுக்க ஆறும்வரை, முடிந்தால் மறுநாள் வரை, விட்டுவையுங்கள்.

அவிழ்த்து இலைகளை எடுத்ததும் துணியை நிழலில் உலர்த்தி, ஒரு வாரம் நனைக்காமல் வையுங்கள். பிறகு பூந்திக்கொட்டை நீரிலோ மென்மையான திரவ சோப்பிலோ துவைக்கலாம். சலவைத் தூளின் காரம் நிறத்தை மாற்றும். எலுமிச்சையோ புளியோ பட்டால் அந்த இடத்தில் கருப்பு வெளுத்துவிடும், ஆகவே சாப்பாட்டு மேசை விரிப்பாக இதைப் பயன்படுத்த வேண்டாம்.

சரியாக வராதபோது

மொத்தமும் மங்கலாக இருந்தால் கட்டு தளர்ந்திருக்கும், அல்லது ஆவி போதாமல் இருந்திருக்கும். பின்னணி முழுக்கச் சாம்பலானால் இலையை ஒற்றாமல் வைத்திருப்பீர்கள், அல்லது பாத்திரத்தில் துரு இருந்திருக்கும். இலையின் விளிம்பு மட்டும் வந்து நரம்பு வராவிட்டால் மேல்புறம் கீழாக வைத்தீர்களா என்று பாருங்கள். தேக்கு பழுப்பாக மட்டும் வந்தால் இலை முற்றியது.

பெரிய துணியில் இறங்குமுன், இதே முறையில் பதப்படுத்திய உள்ளங்கை அளவுத் துண்டுகளில் ஒவ்வோர் இலையையும் பதித்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் நோட்டில் ஒட்டி மரத்தின் பெயர், பறித்த மாதம், துளிரா முற்றலா, இரும்பில் நனைத்ததா இல்லையா, ஆவி நேரம் ஆகியவற்றை அருகிலேயே எழுதுங்கள்.