ஃபுட்பால்ல டிபெண்டரா ப்ரோ ஆகணும்னா என்ன பண்ணணும்: கே.எல்., பினாங்கு பசங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், அந்தப் பக்கம் ஜெலுத்தோங், பட்டர்வொர்த்னு எந்த பாடாங்ல போய் கேட்டாலும் நம்ம பசங்க ஸ்ட்ரைக்கர் இல்லாட்டி விங்கர்னு தான் சொல்றாங்க. பின்னால நிக்கிறவன் பெரும்பாலும் கோச் தள்ளிவிட்டதால நிக்கிறான், அவனுக்கே அதுல இஷ்டம் இல்ல. எனக்கு இது ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், ஏன்னா இங்க உள்ள கிளப்புங்க இம்போர்ட் பிளேயருக்கு போடுற காசை பெரும்பாலும் முன்னால தான் போடுறாங்க, லோக்கல் ஸ்ட்ரைக்கர் பெஞ்ச்ல உக்காந்தே வயசாகிடுறான். சென்டர் பேக்குக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பாங்க தான், ஆனா ரைட் பேக் லெப்ட் பேக்னா இன்னும் லோக்கல் பையனுக்கு நல்ல சான்ஸ் இருக்கு, இடது கால் பையன்னா இன்னும் நல்லது, தேடித்தேடி எடுப்பாங்க.

நம்மாளுங்களுக்கு இது புது இடமும் இல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்ல விளாடின மலேசிய டீம் டிபென்ஸ்ல நம்ம எம். சந்திரன் இருந்தாரு, பினாங்கு நாமாட் அப்துல்லா இருந்தாரு, சோ சின் ஆன் இருந்தாரு. அமெரிக்காவ 3-0 அடிச்ச டீம் அது. அப்புறம் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் சேர்ந்து நின்ன காலத்தப் பத்தி இப்பவும் மமாக் கடையில பெரியவங்க பேசுவாங்க. இந்தக் காலத்து ஆள் வேணும்னா எஸ். குணாளன பாருங்க, விங்கரா ஆரம்பிச்சு ரைட் பேக்கா மாறினாரு, நேஷனல் டீம், ஜொகூர் கிளப் ஜே.டி.டி.னு நல்லா ஓட்டினாரு. ஸ்பீடு உள்ள விங்கர் பையன் வீட்ல இருந்தா இத அவன்கிட்ட சொல்லுங்க.

வழி எப்படின்னா, ஸ்கூல் டீம்ல இருந்து தான் தொடக்கம். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் கவுன்சில் நடத்துற போட்டிங்க இருக்கு, கே.எல்.னா எம்.எஸ்.எஸ்.கே.எல்., பினாங்குன்னா எம்.எஸ்.எஸ்.பி.பி., அங்க ஸ்டேட்டுக்கு எடுத்தா நாடு முழுக்க நடக்குற எம்.எஸ்.எஸ்.எம். புக்கிட் ஜாலில் ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்கோ பகாங் கம்பாங்ல உள்ள மொக்தார் டஹாரி ஃபுட்பால் அகாடமிக்கோ போகணும்னா செலக்ஷன் பத்தி ஆறாம் ஆண்டுலயே விசாரிக்கணும், பையன் பாரம் டூ வந்தப்புறம் ஓடுறதுல பிரயோஜனம் கம்மி. அங்க கிடைக்கலன்னா கதை முடிஞ்சிடல, கிளப்புங்க பியாலா பெலியா, பியாலா பிரெசிடென்னு இளைஞர் போட்டிக்கு டீம் வச்சிருக்காங்க, டிரையல் வைப்பாங்க. டிபெண்டர் லேட்டா தான் தேறுவான், 16 வயசுல வேணாம்னு அனுப்பினவன் 20ல நல்லா வர்றத பாத்திருக்கேன். பாரம் ஃபைவ் எஸ்.பி.எம். பரிட்சைய மட்டும் விட்டுடாதீங்க, இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒண்ணு சொல்லணும், இப்ப டவுன்ல பாடாங் குறைஞ்சு போச்சு, பசங்க புட்சால் கோர்ட்லயே வளர்றாங்க. கால் வேலைக்கு புட்சால் நல்லது தான். ஆனா அதுல ஆப்சைடே (டிபெண்டர் லைன தாண்டி முன்னால நிக்கிறவனுக்கு பந்து போட்டா தப்புங்கற ரூல்) கிடையாது, ஆகாயத்துல வர்ற பந்து கம்மி, அப்ப டிபெண்டருங்க ஒரே வரிசையா லைன் புடிக்கிறதும் ஹெட்டிங்கும் எங்க கத்துக்குவான்? வாரத்துல ஒரு தடவையாவது 11 பேர் கேம் விளாடணும்.

இனி முக்கியமான வேலை. ஒன் டு ஒன்ல நேரா நிக்காதீங்க, உடம்ப பாதி திருப்பி, முழங்கால மடக்கி, குதிகால் தரையில ஒட்டாம நில்லுங்க. அவன் இடுப்பையும் பந்தையும் பாருங்க, கால் ஆட்டத்த பாத்தா ஏமாந்துடுவீங்க. ஒரு கை நீளம் விட்டு பின்வாங்கிக்கிட்டே அவன சைடு கோட்டுப் பக்கமா தள்ளணும், அவன் பந்த கொஞ்சம் பெருசா தட்டுற நேரம் தான் உங்க நேரம். முதல்லயே பாய்ஞ்சு கால் போடுறவன பசங்க கைத்தட்டி பாராட்டுவாங்க, கிளப்புக்கு ஆள் தேடுற ஸ்கவுட் உங்க பேர லிஸ்ட்ல அடிச்சிடுவாரு.

பந்து அடுத்த பக்கம் இருக்கும்போது நீங்க என்ன பண்றீங்கங்கறது தான் டிபெண்டரோட உண்மையான பரிட்சை. ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு தடவை தோளுக்குப் பின்னால திரும்பி பாக்கணும், என் ஆள் எங்க, காலி இடம் எங்க, கீப்பர் எங்கன்னு. அவங்க பந்த பின்னால திருப்பி பாஸ் பண்ணா அந்த நொடி லைன் மொத்தமா மேல ஏறணும், ஒருத்தன் மட்டும் தூங்கினா ஆப்சைட் போச்சு. கிராஸ் வந்தா நியர் போஸ்ட்ட முதல்ல அடைங்க. ஹெட் பண்ணா உயரமா, தூரமா, சைடு பாத்து, நடுவுல போட்டா ரெண்டாவது பந்துல கோல் வாங்குவீங்க. சாயங்காலம் மழை பெஞ்ச பாடாங்ல பந்து சறுக்கிட்டு வரும், அந்த மாதிரி நாள்ல பவுன்ஸ் ஆகட்டும்னு விடவே கூடாது.

வாய் திறக்கணும். நம்ம பசங்க கூட்டாளிகிட்ட தமிழ்ல கத்துவாங்க, கீப்பருக்கு புரியாது. டிபென்ஸ் பாஷை இங்க மலாய் தான், கெலுவார் (வெளிய வா), தூருன் (கீழ இறங்கு), ஜாகா (ஆள பாத்துக்கோ)ன்னு சின்ன சொல்லா, சீக்கிரமா, ஆள் பேரோட சேர்த்து சொல்லணும். வாயே திறக்காத பையன கோச்சுங்க இதுக்காகவே வெளிய எடுத்து ஆள மாத்தியிருக்காங்க.

ரூல் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தெளிவான கோல் சான்ஸ பவுல் பண்ணி தடுத்தா ரெட் கார்டுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா 2016 மாற்றத்துக்கு அப்புறம் பெனால்டி பாக்ஸுக்குள்ள உண்மையிலயே பந்துக்குப் போய் பவுல் ஆனா பெனால்டியும் மஞ்சள் கார்டும் தான். இழுத்தாலோ தள்ளினாலோ ரெட் தான். கடைசி ஆளா ஓடும்போது இது தலையில இருந்தா கை தானா சட்டைய புடிக்காது. 2019ல இருந்து கோல் கிக்க பாக்ஸுக்குள்ளயே வாங்கலாம், அதனால சென்டர் பேக் இப்ப பிரஷர்ல பாஸ் போடத் தெரிஞ்சவனா இருக்கணும், ரெண்டு காலும் வேணும்.

உடம்புக்கு பெருசா ஜிம் தேடி அலைய வேணாம். ஃபிபா 11 பிளஸ்னு ஒரு வார்ம் அப் இருக்கு, 15 எக்சர்சைஸ், ஒரு 20 நிமிஷம், ஓசியிலயே கிடைக்குது. அத ஒழுங்கா பண்ணா முட்டி, தொடை காயம் குறையுது. ராத்திரி மமாக்ல ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அடிச்சிட்டு காலையில டிரெய்னிங் போறத மட்டும் நிறுத்துங்க தம்பி, தூக்கம் தான் முதல் மருந்து.

கிளப்புக்கு வீடியோ அனுப்பினா ஹைலைட் வேணாம். டிபெண்டருக்கு ஹைலைட்ல ஒண்ணும் தெரியாது, நல்ல டிபெண்டர் டேக்கிள் போட வேண்டியதே இல்லாம நிப்பான். முழு மேட்ச் ரெண்டு அனுப்புங்க, உங்க நம்பர், எந்த பொசிஷன், எந்த கால்னு மேல எழுதுங்க.

இப்ப காகிதம், இங்க தான் நம்ம குடும்பங்க அதிகமா மாட்டுது. ஏஜென்ட்னு ஒருத்தர் வந்தா ஃபிபா லைசன்ஸ் இருக்கான்னு ஃபிபா சைட்லயே பேர போட்டு பாக்கலாம், கூச்சப்படாதீங்க. டிரையலுக்கு இத்தன ஆயிரம் வெள்ளி கட்டுங்கன்னு கேட்டா எழுந்து வந்துடுங்க. 18 வயசுக்கு கீழன்னா ஃபிபா ரூல்படி 3 வருஷத்துக்கு மேல காண்ட்ராக்ட் கிடையாது, பெரியவங்களுக்கு 5 வருஷம். மெடிக்கல் பாஸ் ஆனா தான் காண்ட்ராக்ட் செல்லும்னு போட முடியாது, மெடிக்கல் சைனுக்கு முன்னாடியே முடியணும். காண்ட்ராக்ட் முடிய 6 மாசத்துக்குள்ள இருந்தா நீங்க வேற கிளப் கூட பேசி சைன் பண்ணலாம். சம்பளத் தேதி, வீட்டு அலவன்ஸ், காயம் பட்டா யார் ஆஸ்பத்திரி செலவு, இ.பி.எப். (ஓய்வுகால சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் எழுத்துல இருக்கணும், வாயால சொன்னது கணக்கே இல்ல.

சம்பளம் வராதது நம்ம நாட்டு பந்துல தீராத வியாதி, ஒளிச்சு பேச ஒண்ணும் இல்ல. பேங்க் ஸ்டேட்மென்ட்ட மாசாமாசம் எடுத்து வைங்க, கிளப் அனுப்புற மெசேஜ அழிக்காதீங்க. ரெண்டு மாச சம்பளம் நிலுவையானா, எழுத்துல நோட்டீஸ் கொடுத்து 15 நாள் டைம் கொடுத்தும் வரலன்னா காண்ட்ராக்ட முறிக்க நியாயமான காரணம்னு ஃபிபா ரூல்ல இருக்கு. ஆனா கோவத்துல டிரெய்னிங்க விட்டுட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க, அப்ப தப்பு உங்க மேல திரும்பும். முதல்ல பி.எப்.ஏ.எம்., அதான் ப்ரோ பிளேயர்ஸ் சங்கம், அங்க மெம்பர் ஆகுங்க, நோட்டீஸ் எழுதுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டுங்க.

30 தாண்டினா ஃபுல் பேக்குக்கு, அதான் ரைட் பேக் லெப்ட் பேக்குக்கு, ஸ்பீடு குறையும், அப்ப உள்ள நகர்ந்து சென்டர் பேக்கா நிக்கிறவங்க இருக்காங்க, அதுக்கு ஹெட்டிங்க சின்ன வயசுலயே விடாம வச்சிருக்கணும். கோச் ஆகணும்னு ஆசை இருந்தா விளாடுற காலத்துலயே லைசன்ஸ் கோர்ஸ் ஆரம்பிங்க, ஆசிய ஃபுட்பால் சங்கம் ஏ.எப்.சி.யோட சி, பி, ஏ, ப்ரோன்னு ஒவ்வொண்ணா ஏறணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காத்திருக்கவும் வேணும். 2010ல ஏ.எப்.எப். சுசூக்கி கப்ப மலேசியாவுக்கு வாங்கிக் கொடுத்த கே. ராஜகோபாலும் விளாடி முடிச்சு கோச்சிங் பக்கம் வந்தவர் தான். சீசன் நடுவுல கிளப் விடாது, அதனால லீக் முடியுற மாசத்துக்கு முன்னாடியே மலேசிய ஃபுட்பால் சங்கம் எப்.ஏ.எம்.ல எப்ப கோர்ஸ் வருதுன்னு கேட்டு பேர் கொடுத்துடுங்க.