மாரியோஸ் பிக்ராஸ்: ஊகிக்காமல் படத்தைச் செதுக்குவது எப்படி?

நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக 1995இல் வெளிவந்த மாரியோஸ் பிக்ராஸ், நானோகிராம் எனப்படும் எண்-படப் புதிர்களைக் கையடக்கத் திரைக்குக் கொண்டுவந்த அருமையான விளையாட்டு. இதில் மாரியோ தொல்பொருள் ஆய்வாளராக உளியும் சுத்தியலுமாக வருகிறார். எண்களைக் கொண்டு சரியான கட்டங்களைச் செதுக்கினால் உள்ளே மறைந்திருக்கும் படம் வெளிப்படும். ‘ஏ’ பொத்தான் செதுக்கும், ‘பி’ பொத்தான் காலி என்று தெரிந்த கட்டத்தில் பெருக்கல் குறி இடும்.

வரிசையின் ஓரத்தில் 4 5 3 என்றிருந்தால், தொடர்ச்சியாக நான்கு, பிறகு ஐந்து, பிறகு மூன்று கட்டங்கள் அதே ஒழுங்கில் நிரம்ப வேண்டும் என்றும், ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவே குறைந்தது ஒரு கட்டமாவது காலியாக இருக்க வேண்டும் என்றும் பொருள். நெடுவரிசைகளுக்கும் இதே விதிதான்.

முதல் படியாக, தொடக்கத்தில் கேட்கப்படும் குறிப்பு உதவியை மறுத்துவிடுங்கள். ஒரு கிடைவரிசையையும் ஒரு நெடுவரிசையையும் அது திறந்து காட்டிவிடும். நீங்களே கண்டுபிடிக்க வேண்டிய முதல் பிடி அதனால் கைநழுவிப் போகும்.

இரண்டாம் படி கணக்கு. 15 கட்ட வரிசையில் 4 5 3 என்ற எண்களுக்கு இடையே இரண்டு இடைவெளிகளையும் சேர்த்தால் 14 வரும், மிச்சம் 1. மிச்சத்தைவிடப் பெரிய ஒவ்வொரு எண்ணிலும், அந்த எண்ணிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் கிடைக்கும் அளவு கட்டங்கள் உறுதியானவை. ஆகவே 2 முதல் 4 வரையும், 7 முதல் 10 வரையும், 13, 14 ஆகியவற்றையும் தயக்கமின்றிச் செதுக்கலாம். எல்லாத் தொகுதிகளையும் ஒருமுறை இடது ஓரத்துக்கும் மறுமுறை வலது ஓரத்துக்கும் நெருக்கித் தள்ளிப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும்.

நான் பல நாள் தடுமாறியது இங்கேதான். 15 கட்டங்களில் 3 4 என்றிருந்த ஒரு வரிசையில், இடப்பக்கம் தள்ளியபோது நான்கின் தொகுதி 5 முதல் 8 வரை நின்றது. வலப்பக்கம் தள்ளியபோது மூன்றின் தொகுதி 8 முதல் 10 வரை நின்றது. இரண்டு முறையும் எட்டாம் கட்டம் நிரம்பியதால் அது உறுதி என்று செதுக்கினேன், தவறாகிவிட்டது. ஒரே தொகுதி இரண்டு நிலைகளிலும் ஒரே கட்டத்தை மூடினால் மட்டுமே அது உறுதி. இங்கு மிச்சம் 7, எண்களோ அதைவிடச் சிறியவை. இந்த வரிசையைத் தொடாமல் நகர்ந்திருக்க வேண்டும்.

ஒரு தவறு செய்வதன் விலையையும் அறிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது 30 நிமிடம். முதல் தவறுக்கு 2 நிமிடம், இரண்டாவதற்கு 4, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம் கழிக்கப்படும். ஐந்து தவறுகளிலேயே முழு நேரமும் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி, காலிக் கட்டங்களில் குறியிடுவது. புதியவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு தொகுதி முடிந்ததும் அதன் இரு பக்கங்களிலும் குறியிட்டால், குறுக்கே செல்லும் வரிசைகள் சுருங்கி, முன்பு பயன்படாத எண்களுக்கும் கணக்கு வேலை செய்யத் தொடங்கும். செதுக்குவதைவிட இதற்கே அதிகக் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருவியைப் பற்றி ஒரு சொல். முதல் கேம் பாயின் பச்சைத் திரைக்குப் பின்னொளி கிடையாது. 15க்கு 15 புதிர்களில் கட்டங்கள் மிகச் சிறியவை என்பதால் மேசை விளக்கின் கீழ் விளையாடுவதே நல்லது. பயிற்சிக்கு எந்தச் செயலியைவிடவும் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் சிறந்தவை.

பின்சேர்க்கை: இந்தக் கணக்கைப் பின்பற்றிய ஒருவர், ஓரத்தில் சிக்கிக்கொண்டதாக எழுதியிருந்தார். முதல் எண் 3, இரண்டாம் கட்டம் நிரம்பியிருக்கிறது என்றால் மூன்றாம் கட்டமும் உறுதி. ஆனால் நான்காவது உறுதியல்ல, ஏனெனில் தொகுதி முதல் கட்டத்திலேயே தொடங்கியிருக்கலாம். முதல் கட்டத்தின் நெடுவரிசையைப் பார்த்து அங்கே குறி விழுந்த பிறகுதான் நான்காவதைச் செதுக்க வேண்டும்.