களிமண் தட்டு சுட ஒரு ஷாட்கன்: தேர்ந்தெடுப்பதும் உடம்புக்குப் பொருத்துவதும்

துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி துப்பாக்கி நல்லது?" என்பதைத்தான். நானும் அதையேதான் கேட்டேன். கேட்டுவிட்டு, மரக்கட்டையின் பளபளப்பில் மயங்கி, என் கைக்கு நீளமான ஒரு இரட்டைக்குழலை வாங்கினேன். அடுத்த சில மாதங்கள் தோள்பட்டை கன்றிப்போனதுதான் மிச்சம். சுடுவதற்காகக் காற்றில் வீசும் தட்டுகள் கீறல்கூட விழாமல் புல்லில் போய் இறங்கின. குறை துப்பாக்கியில் இல்லை, அது வேறு யாருடைய உடம்புக்கோ செய்த துப்பாக்கி.

அதனால் இந்தக் குறிப்பில் கம்பெனிப் பெயர் எதுவும் வராது. எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். உரிமம், பூட்டி வைக்கும் முறை, வாங்கும் வழி எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டப்படி மாறும். அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சுடக் கற்பதை ஒரு சங்கத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, அவர்கள் தரும் துப்பாக்கியில் தொடங்குங்கள்.

எதைச் சுடுகிறோம்?

பெயர்தான் களிமண், இன்றைய தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியையும் பிட்ச் என்கிற கீல் போன்ற பிசினையும் சேர்த்து அச்சில் வார்த்தது. சர்வதேசப் போட்டித் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். முன்பு உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே அப்படி ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880-இல் சூளையில் சுட்ட களிமண் தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மண் போய்விட்டது, புறாவும் போய்விட்டது, "களிமண் புறா" என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

படி 1: உங்கள் எஜமானக் கண் எது?

இரண்டு கண்ணில் எதை மூளை நம்பிக் குறிபார்க்கிறதோ, அதுதான் எஜமானக் கண். வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. செலவில்லை, அரை நிமிடம் போதும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து, கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோண ஓட்டை வையுங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி, தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை அந்த ஓட்டை வழியே பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். பொருள் அங்கேயே இருந்தால் உங்களுக்கு வலது கண் ஆதிக்கம். காணாமல் போனால் இடது கண்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ரைபிளில் பின்குறி, முன்குறி என்று இரண்டு உண்டு. ஷாட்கன்னில் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின்குறியாக இருப்பது உங்கள் கண்ணே. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால், மூளை ஒரு கோட்டைப் பார்க்கும், குழல் வேறு கோட்டில் நிற்கும். இப்படி இருக்கிறவர்கள் நிறையப் பேர். இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் இடது தோளுக்கே மாறிவிடுங்கள், பழக்கம் இல்லாததால் மாறுவது சுலபம். அது முடியவே முடியாது என்றால், பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில், துப்பாக்கியைத் தோளில் வைத்தபின் அந்தக் கண் குழலைப் பார்க்கும் இடத்தில், ஒரு சின்ன மங்கலான ஒட்டுத்தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

படி 2: எந்த ஆட்டம்?

ட்ராப் ஆட்டத்தில் தட்டுகள் உங்களுக்கு முன்னாலிருந்து கிளம்பி, விலகி, மேலேறிப் போகும். ஒலிம்பிக் ட்ராப்பில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும், நீங்கள் சுடுவதற்குள் தட்டு நன்றாகவே தள்ளிப் போயிருக்கும். ஸ்கீட்டில் இடமும் வலமும் தட்டு வீசும் இரண்டு கூண்டுகள், அரைவட்டத்தில் இடம் மாறி மாறி நின்று குறுக்கே பறக்கும் தட்டுகளைச் சுட வேண்டும், தூரம் 20 மீட்டரைச் சுற்றி. ஸ்போர்ட்டிங்கில் எல்லாம் கலந்து வரும்: உயரத்திலிருந்து, குறுக்காக, முயல் மாதிரி தரையில் உருண்டு. டபுள் ட்ராப் என்று ஒன்றும் இருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியது அதில்தான். 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அது இல்லை.

எதில் ஊன்றப் போகிறோம் என்று தெரியாதவர்கள் ஸ்போர்ட்டிங் வகைத் துப்பாக்கியை வாங்குவது நல்லது. அதை எடுத்துக்கொண்டு மூன்றிலும் நிற்கலாம். ட்ராப்புக்கென்றே செய்த துப்பாக்கி, ஏறும் தட்டுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் மேலே சுடும்படி அமைந்திருக்கும். அதை ஸ்கீட்டுக்குக் கொண்டுபோனால் தலைவலிதான்.

படி 3: வகை, துளை, எடை

என் பரிந்துரை மேல்கீழ் இரட்டைக்குழல். ஒரு குழலின் மேல் இன்னொன்று அமர்ந்திருக்கும். மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். தொடக்கக்காரருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. இரண்டு குழலுக்கும் இரண்டு வெவ்வேறு சோக் (குழல் வாயின் இறுக்கம், படி 6-இல் வரும்) போட்டுக்கொள்ளலாம் என்பது அதற்கு மேல்.

வாயுவால் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக்கில் உதை குறைவாகத் தெரியும். தோள் வலிக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் வெடித்து முடிந்த தோட்டாக்கூடு பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும், சுத்தம் செய்யும் வேலையும் அதிகம். பக்கவாட்டு இரட்டைக்குழல் பார்க்க அழகு, எடை குறைவு, அதனாலேயே நாள் முழுக்கச் சுடும்போது உதைக்கும். கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகை வேண்டாம். இரண்டு தட்டு சேர்ந்து வரும்போது கையை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

துளை அளவு 12 போர். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் தெரியாது. குழலுக்குள் சரியாகப் போகும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுதான் போர் எண். எனவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்: 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6. உடம்பு சிறுத்தவர்களுக்கு 20 போரைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் துப்பாக்கியின் எடையும் சேர்ந்து குறைவதால், அதே அளவு ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகள்) போட்டால் உதை ஒன்றும் குறையாது. 12 போரில் 21 அல்லது 24 கிராம் தோட்டா போடுவதுதான் நல்ல வழி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போட்டால், அது தோட்டா உட்கார வேண்டிய அறையைத் தாண்டி வழுக்கி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாக் கூடுகளுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். இரண்டு அளவுத் தோட்டாவையும் ஒரே பையில் வைக்கவே கூடாது.

எடை 3.4 முதல் 3.7 கிலோ இருந்தால் நல்லது. கனமான துப்பாக்கி உதையை விழுங்கும், வீச்சும் நிற்காமல் ஓடும். குழல் நீளத்தை அங்குலத்தில்தான் சொல்வார்கள். 28 அல்லது 30 போதும். உயரமானவர்களும் ட்ராப் சுடுகிறவர்களும் 32 வரை போகலாம்.

படி 4: கட்டை பொருந்துகிறதா?

சரி, இப்போதுதான் உண்மையான வேலை. கட்டை என்பது தோளிலும் கன்னத்திலும் அணையும் மரப்பகுதி. துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

நீளம் முதலில். தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் அணைத்தால், மூக்குக்கும் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். விரல் மூக்கில் இடித்தால் கட்டை குட்டை. தூக்கும்போது கட்டையின் அடி அக்குளில் மாட்டினால் நீளம். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது கை நீளத்தை மட்டும் சொல்லும். கழுத்து, தோள், கன்னம் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்தது உயரமும் சாய்வும். ஒரு கண்ணாடியின் முன் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இயல்பாகத் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியில் தெரியும் உங்கள் எஜமானக் கண்ணை நோக்கி நிறுத்தி, பிறகு கண்ணைத் திறங்கள். கருவிழி குழலின் மேல்பட்டைக்குச் சற்று மேலே, நேர் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண் பட்டைக்குக் கீழே மறைந்தால் கன்னம் படும் கட்டையின் மேல்விளிம்பு தாழ்வு, ரவையும் கீழே போகும். பட்டை நீளமாக மேடு மாதிரி தெரிந்தால் விளிம்பு உயரம், ரவை மேலே போகும். பக்கவாட்டில் விலகினால் கட்டையின் வளைவு சரியில்லை. வலதுகைக்காரருக்குக் கட்டை லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும், இடதுகைக்காரருக்கு அதற்கு எதிர்ப்பக்கம். இடதுகைக்காரர்கள் கடையில் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

மேல்விளிம்பை ஏற்றி இறக்கும் வசதி உள்ள துப்பாக்கிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை. இல்லாவிட்டால் விளிம்பில் ஒட்டும் மெல்லிய பஞ்சுப் பட்டை, அடியில் ரப்பர்த் தகடு, இவற்றை வைத்தே பாதிப் பிரச்சினை தீரும்.

படி 5: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

சங்கத்தில் அனுமதி வாங்கி, பெரிய காகிதம் ஒன்றை ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். 15 மீட்டர் தள்ளி நின்று, குறிபார்க்காமல், புள்ளியை மட்டும் பார்த்துத் தோளில் வைத்தவுடன் சுடுங்கள். ஐந்தாறு முறை. நிதானமாகக் குறிவைத்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தம் போய்விடும், ஏனென்றால் பொருந்தாத கட்டைக்கு உங்கள் கழுத்து வளைந்து கொடுத்துவிடும்.

ரவைக் கூட்டத்தின் நடு எங்கே விழுகிறது? கணக்கு இதுதான்: மேல்விளிம்பில் 1.5 மில்லிமீட்டர் மாற்றினால் இந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 2.5 சென்டிமீட்டர் நகரும். 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழுகிறதென்றால் விளிம்பை 6 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். நான் இதைச் செய்து பார்த்த அன்றுதான், என் தட்டுகள் ஏன் முழுசாக இறங்கின என்று புரிந்தது.

படி 6: சோக், தோட்டா

சோக் என்பது குழல் வாயின் இறுக்கம். இறுக்கம் கூடினால் ரவை குறைவாகப் பரவும். பழைய அளவுகோல்: 40 கஜத் தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள், இறுக்கமே இல்லாத குழல் 40 சதவீத ரவையைப் போடும், கால் சோக் 55, அரை சோக் 60, முழு சோக் 70. ஸ்கீட்டுக்கு இறுக்கம் குறைந்த சோக், ட்ராப்புக்கு இறுக்கமானது. மற்றவர்கள் இரண்டு குழலிலும் கால் சோக்கைத் திருகிவிட்டு, ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். தட்டுக்குத் தட்டு சோக் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மனசைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சோக் இல்லாமல் சுட்டால் திருகுமறை கெடும் என்பதால், அது இறுகி இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் துப்பாக்கி காலியாக இருக்கும்போதே பாருங்கள்.

தோட்டாவில் 24 அல்லது 28 கிராம். ஒலிம்பிக்கில் அனுமதி 24 கிராம்தான், அவர்களுக்கே அது போதும். ரவை எண் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதால் பெட்டியில் மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள்: 2.0 முதல் 2.4 வரை. 24 கிராமில் 2.4 மில்லிமீட்டர் ஈய ரவை சுமார் 300 இருக்கும். தோட்டாவின் நீளம் உங்கள் குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்துக்கு மிகக்கூடாது. இரும்பு ரவை போடுவதென்றால் துப்பாக்கி அதற்குத் தாங்குமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பழைய குழல்களும் முழு சோக்கும் அதற்கு ஆகாது.

படி 7: முதல் 25 தட்டுகள்

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் மைதானத்தில் நிற்கவே கூடாது. சுடும் இடத்துக்குப் போகும்வரை துப்பாக்கி திறந்தே இருக்கட்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை மைதானம் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் காத்திருங்கள். வழக்கமான சத்தம் இல்லாமல் "புஸ்" என்று மட்டும் கேட்டால், குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள்.

நேராக விலகிப் போகும் தட்டு ஒன்றையே திரும்பத் திரும்ப விடச் சொல்லுங்கள். எடையை முன்காலில் சாய்த்து, கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, கண்ணைத் தட்டின் மேலேயே வையுங்கள். மணியைப் பார்த்தால் கை நின்றுவிடும். பிறகு குறுக்குத் தட்டு. 30 மீட்டர் போக ரவைக்குப் பத்தில் ஒரு வினாடி ஆகும், மணிக்கு 65 கிலோமீட்டரில் பறக்கும் தட்டு அதற்குள் 1.8 மீட்டர் நகர்ந்துவிடும். அவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். தட்டுக்குப் பின்னாலிருந்து தொடங்கி, அதன் பாதையிலேயே வீசி, தாண்டும்போது விசையை இழுத்து, இழுத்த பிறகும் வீச்சை நிறுத்தாமல் விடுங்கள்.

தட்டு உடையும்போது சில்லுகள் எந்தப் பக்கம் தெறிக்கின்றன என்று கவனியுங்கள். கீழ்நோக்கித் தெறித்தால் ரவைக் கூட்டம் மேலே போயிருக்கிறது, மேல்நோக்கித் தெறித்தால் கீழே. ஒரே பக்கமாகத் தெறித்துக்கொண்டே இருந்தால் சோக்கையும் தோட்டாவையும் விட்டுவிட்டு, படி 4-இல் சொன்ன கண்ணாடிக்கு முன்னால் மறுபடி போய் நில்லுங்கள்.