குவில்ட் ஓரப்பட்டியின் மூலைகளைக் கூர்மையாக முடிக்கும் முறை

குவில்ட் போர்வையின் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்த பிறகு, பிசிர் விளிம்புகளை மூடுவதற்கு ஓரப்பட்டி வைக்கிறோம். நேரான பக்கங்களில் பட்டி சிரமமின்றி ஓடிவிடும். மூலைக்கு வரும்போதுதான் துணி மொத்தையாகத் திரள்வதும் முனை மழுங்குவதும் நேர்கின்றன. பட்டியின் இரு பக்கங்களும் அங்கே 45 பாகைச் சாய்கோட்டில் சந்திக்க வேண்டும். அந்தச் சாய்கோடு சரியாக அமைவது, தையலை எந்தப் புள்ளியில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட போர்வையை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 280 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்குமாக இன்னும் 12 அங்குலம் சேர்த்தால் 292 அங்குலப் பட்டி தேவை. 42 அங்குல அகலமுள்ள பருத்தித் துணியில் 2¼ அங்குலத்துக்கு ஒன்றாக 8 பட்டிகளை நேராக வெட்டினால், அரை கஜத் துணியே போதும். வளைந்த ஓரங்களுக்கு மட்டுமே கிராஸ் பீஸ், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி, வேண்டும். பட்டிகளைச் சாய்வாக இணைத்து, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட வேண்டும். அதற்குள் போர்வையின் நான்கு மூலைகளையும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, பிதுங்கியிருக்கும் பஞ்சை நேராக வெட்டிவிடுங்கள். கோணலான மூலையில் எவ்வளவு கவனமாக மடித்தாலும் சாய்கோடு முனையைத் தொடாது.

தையலை மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குவது நல்லது. பட்டியின் தலைப்பில் 10 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, பட்டியின் பிசிர் விளிம்பைப் போர்வையின் முன்பக்க விளிம்போடு பொருத்தி, கால் அங்குலம் உள்ளே தையுங்கள். மூலை நெருங்கும்போது, முடிவிலிருந்து சரியாகக் கால் அங்குலத்துக்கு முன்னால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஊசி அந்தப் புள்ளியில் இறங்கியதும் நிறுத்தி, இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு, நூலை வெட்டிவிடுங்கள். பிறகு போர்வையை இடப்புறமாகக் கால் வட்டம் திருப்பினால், தைத்து முடித்த பக்கம் மேலேயும் அடுத்த பக்கம் வலப்புறத்திலும் வரும். இப்போது பட்டியை உங்களுக்கு எதிர்ப்புறமாக மேல்நோக்கி மடியுங்கள். பட்டியின் பிசிர் விளிம்பு வலப்புற விளிம்போடு ஒரே நேர்கோட்டில் நீள, அடியில் 45 பாகை மடிப்பு தானாகவே விழும். அந்த மடிப்பு கலையாமல் விரலால் அழுத்திக்கொண்டு, பட்டியை அப்படியே கீழ்நோக்கி இறக்குங்கள். இந்த இரண்டாம் மடிப்பின் விளிம்பு போர்வையின் மேல் விளிம்போடு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு குண்டூசி குத்தி, மேல் விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத்தைத் தைக்கத் தொடங்குங்கள்.

நான் முதன்முதலில் தைத்த குழந்தைப் போர்வையில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் விளிம்பு வரை தைத்துவிட்டேன். உள்மடிப்பு தையலில் சிக்கிக்கொண்டதால், பட்டியைத் திருப்பியபோது மூலை விரியவே இல்லை. மூன்று மூலைகளையும் பிரித்துத்தான் சரிசெய்ய முடிந்தது. புள்ளிக்கு முன்பே நிறுத்தினால் மூலையில் சிறு ஓட்டை தெரியும். இரண்டாம் மடிப்பு விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் முனை உருண்டுவிடும்.

நான்கு மூலைகளும் முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்ததும், இரு தலைப்புகளும் பட்டியின் அகலமான 2¼ அங்குலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டி, பட்டிகளை இணைத்த அதே முறையில் சாய்வாக இணைத்து, மீதி இடைவெளியைத் தைத்துவிடலாம்.

இனிக் கைவேலை. பட்டியைப் பின்பக்கம் திருப்பி, இயந்திரத் தையல் மறையும்படி வைத்து, பட்டியின் நிறத்திலேயே நூல் கோத்து, அரைக்கால் அங்குல இடைவெளியில் எம்மிங் (மடித்த விளிம்பைக் கையால் பிடித்துத் தைக்கும் தையல்) போடுங்கள். ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டுமே பற்ற வேண்டும், முன்பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. மூலைக்கு வந்ததும் முன்பக்க மடிப்பை விரல்நுனியால் தடவிப் பாருங்கள்; அதன் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். பின்பக்க மடிப்பை அதற்கு எதிர்ப்பக்கம் சாயும்படி மடித்தால், கனம் இரு பக்கமும் பிரிந்து மூலை தட்டையாகப் படியும். மொத்தையாக இருக்கிறதே என்று மூலைத்துணியை வெட்டிவிடாதீர்கள். முனையை நிரப்பி நிறுத்துவது அந்தத் துணிதான்.

பின்பக்கச் சாய்கோட்டை இரண்டு மூன்று சிறு தையல்களால் மூடி, ஊசியை முன்பக்கம் கடத்தி அங்குள்ள சாய்கோட்டையும் அதேபோல் மூடி, மீண்டும் பின்பக்கம் கொண்டுவந்து அடுத்த பக்கத்தைத் தொடருங்கள். சாய்கோட்டைத் தைக்காமல் விடுபவர்களும் உண்டு. ஆனால் அடிக்கடி துவைக்கும் போர்வையில் அந்த மடிப்பு வாய் பிளந்துகொள்ளும் என்பதால், நான் ஒரு மூலையைக்கூடத் தைக்காமல் விடுவதில்லை.