குட்டி மீனைப் பார்த்துத் தொட்டியை நிரப்பாதீர்கள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் விற்பவை பெரும்பாலும் குட்டிகள்தான். விரல் நீளத்தில் நீந்தும் டைகர் ஷார்க் இரண்டடித் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அது ஒரு மீட்டர் வரை வளரக்கூடிய ஆற்று மீன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கர் மீனும், ஆஸ்கர் மீனும் ஓர் அடி வளரும். விலை கேட்கும் முன் "இது எவ்வளவு பெரிசாகும் அண்ணே?" என்று கேளுங்கள்.

அடுத்து, தண்ணீரைக் கணக்கிடாமல் வாங்குவது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60க்கு 30க்கு 30 தொட்டி என்றால் 54. கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தேறும். பத்து கப்பி மீனுக்கு அது தாராளம். கோல்ட் ஃபிஷ்ஷுக்குப் போதாது. அது நிறையக் கழிவு போடும் மீன். மீனின் நீளம் இரட்டிப்பானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும், கழிவும் அதற்கேற்பக் கூடும்.

அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் மீனைக் கொல்கிறது. அதை விஷம் குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தொட்டியும் மீனும் சேர்த்து வாங்கி, அன்றே எல்லாவற்றையும் விட்டால் தாங்காது. இரண்டு மூன்று மீனில் தொடங்கி மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள்; மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரின் பாக்டீரியாவை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி மாற்றுங்கள். கலங்கிவிட்டதே என்று மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டாம்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, அம்மோனியாவின் விஷமும் அதிகம். மே மாத இரவில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால், நெரிசலான தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த நேரத்தைத் தாண்டிவிடும்.

கப்பி, மோலி வாங்கினால் ஆண்களாகவே வாங்குங்கள். பெண் மீன் விந்தைச் சேமித்து வைத்திருக்கும். ஆண் இல்லாமலேயே சில மாதம் குட்டி போடும்.

அப்படியும் மிஞ்சினால் ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விடாதீர்கள். சக்கர் நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சல் செய்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.