எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? வாங்கும்போது செய்யும் தவறுகள்

"256 ஜிபி எஸ்எஸ்டி போட்டது வேணுமா, 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டது வேணுமா?" என்று கடையில் கேட்டால் பலரும் பெரிய எண்ணைத்தான் கைகாட்டுவோம். லேப்டாப் வாங்கப்போன என் மச்சானும் அதைத்தான் செய்தார். அதே விலைக்கு நான்கு மடங்கு இடம் கிடைக்கிறதே! கொஞ்ச நாளிலேயே, பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய் காபி குடித்துவிட்டு வந்தால்தான் திரை தயாராகியிருக்கும் என்ற நிலை. பிராசசர் சரியில்லை என்று முடிவு கட்டி, புது லேப்டாப் வாங்கவே கிளம்பிவிட்டார்.

கோளாறு பிராசசரில் இல்லை, கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிஸ்க்கில்தான். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல, அதன்மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. வேண்டிய இடம் கைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால் 12 மில்லி வினாடியைத் தொடும். லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் 5400 சுற்றுதான், இன்னும் மெதுவு. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை வினாடிக்கு நூறு தடவைகூட எட்டிப் பிடிக்க முடியாது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ அப்படிப்பட்ட கோப்புகளை ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியும் அதே சேமிப்பு வேலையைத்தான் செய்கிறது, ஆனால் மெமரி சிப்களில். அதில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் 0.1 மில்லி வினாடி அளவில் எடுத்துக் கொடுத்துவிடும்.

அதற்காக ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்குவதும் தவறுதான். ஒரே நீளமான கோப்பைப் படிப்பதில் அது வினாடிக்கு 100, 150 எம்பி தரும். சினிமா பார்க்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில், கல்யாண வீடியோவும் போட்டோவும் ஹார்ட் டிஸ்க்கில் என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது. டெஸ்க்டாப்பில் இரண்டுக்கும் இடம் உண்டு. எஸ்எஸ்டியை வாங்கி டி டிரைவாக மாட்டிவிட்டு, விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சமையல்காரரை வாசலில் உட்கார வைத்த கதை அது.

அடுத்த தவறையும் மச்சானே செய்தார். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வந்தார். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். கணினியோடு பேசும் முறை வேறு விஷயம்: அதே வடிவத்தில் பழைய, மெதுவான சாட்டாவும் உண்டு, புதிய, வேகமான என்விஎம்இயும் உண்டு. அவர் வாங்கியது என்விஎம்இ, லேப்டாப்பின் ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும். அழகாகப் பொருந்தியது, ஆனால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்காதீர்கள். எம்.2 இல்லாத பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை மாட்டலாம். அதன் வேகம் வினாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும், என்விஎம்இ 3500, 7000 என்று போகும். ஆனால் பிரவுசரும் வேர்டும் ஓடும் வீட்டில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறும்போதுதான் வித்தியாசம் முகத்தில் அறையும்.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயுமாமே" என்ற பயம் இன்னும் ஓயவில்லை. தேயும்தான். 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் உண்டு. தினமும் 40 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 20 வருடம் ஆகும். வீட்டில் யார் அவ்வளவு எழுதுகிறார்கள்? சிதறிய கோப்புகளை ஒரே இடத்தில் அடுக்கும் டீஃப்ராக் மென்பொருள் போட்டு அதை வீணாகத் தேய்க்காமல் இருந்தால் சரி. அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது வேறு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் கடகடவென்று சத்தம் போட்டோ திணறியோ காட்டிக்கொடுக்கும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக ஓடி, இன்று காலை இல்லாமலே போகலாம். அழித்த கோப்பை மீட்பதும் இதில் பெரும்பாலும் நடக்காது. இன்னொன்று, மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் உள்ளே தரவைத் தாங்கி நிற்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு எஸ்எஸ்டிகளுக்கு வைத்த தரநிலை, எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த பிறகும் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவு நிற்க வேண்டும் என்கிறது. நம்மூர்ப் பரணில் 30 டிகிரி என்பது மார்கழிக் கணக்கு. பேக்கப் எடுத்து அலமாரியில் போட்டு வைக்க ஹார்ட் டிஸ்க்கே மேல்.

நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று இணையத்தில் வருவதைத் தொடவே வேண்டாம். உள்ளே ஒரு மெமரி கார்டுதான் இருக்கும். அளவைப் பொய்யாகக் காட்டி, நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும்.

மச்சான் கடைசியில் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு மாறினார். கழற்றிய டிஸ்க்கை அன்றே ஃபார்மட் செய்யப் பார்த்தவரைத் தடுத்து, யூஎஸ்பி கேஸில் போட்டு ஒரு மாதம் அப்படியே வைக்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் போன் வந்தது: "மாப்ள, கடைக் கணக்கு ஃபைல் பழைய சி டிரைவ்லயே இருக்கு. அதை அழிக்கலையே?"